எதிரணிப் பக்கம் திரும்பும் கழுத்து

தன் பழைய மாணவர்களைப் பற்றிப் பெருமைப்பட ஹார்ட்வெல் பல்கலைக்கழகம் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ட்ரெண்ட் வான்டர்மோலனின் முகத்தை இரண்டு மாடி உயர விளம்பரப் பலகையில் நிறுத்தி, 'எங்கள் பிள்ளைகள் தொழில்முறைக் கால்பந்தில்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை டோலிடோ அணியின் முகாமில், மூன்றாவது குவார்ட்டர்பேக் என்கிற கடைசி இடத்துக்காக இன்னொருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கோடை முடிந்ததும் இருவரில் ஒருவன் மூட்டை கட்ட வேண்டும். இதை எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

ஹார்ட்வெல்லில் ட்ரெண்ட் ஒரு மேதை. அமெரிக்காவில் பெயர்தான் கால்பந்து, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் பிழைப்பெல்லாம் பந்தைக் கையால் எறிவதில்தான். எதிரணித் தற்காப்பு என்ன செய்யப்போகிறது என்று முன்பே தெரிந்தவனைப் போல எறிகிறான் என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகள் அபூர்வமாக உண்மையை எழுதிய சந்தர்ப்பம் அது. அவனுக்கு முன்பே தெரியும். கிப் டம்ப்ரோஸ்கி என்ற ஊழியன், மாணவர் நலன் என்ற பெயரில் சம்பளம் வாங்கிக்கொண்டு, எதிரணிகள் ஆடும் ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுத்துப் போவான். அடுத்து எப்படி ஆட வேண்டும் என்று அவர்களுடைய பயிற்சியாளர்கள் மைதான ஓரத்தில் நின்று காட்டும் கைச்சைகைகளைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வருவான். ட்ரெண்ட் வாரம் முழுக்க அவற்றை உருப்போடுவான். சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணி ஓரத்தை ஒரு பார்வை பார்ப்பான், மேதையாகிவிடுவான்.

குட்டு வெளிப்பட்டபோது விசாரணைக் குழு போட்டார்கள். குழு ஆற அமர யோசித்து கிப்பை வீட்டுக்கு அனுப்பியது. தனக்கு எதுவுமே தெரியாது என்றார் தலைமைப் பயிற்சியாளர். எதுவுமே தெரியாதவருக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தார்கள். அந்தச் சைகைகளால் வென்ற கோப்பை கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

தொழில்முறை ஆட்டத்தில் இந்த வித்தை செல்லாது. பயிற்சியாளரின் குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே ரேடியோவில் வந்துவிடும். எதிரணித் தற்காப்பிலும் ஒருவன் காதில் அப்படித்தான். கையாட்ட யாருமில்லை, திருட ஒன்றுமில்லை. ட்ரெண்டின் மூளைக்கு இது விளங்கியது, கழுத்துக்குத்தான் விளங்கவில்லை. பந்து கைக்கு வருமுன் அது தானாக எதிரணிப் பக்கம் திரும்பியது.

பயிற்சியாளர் பிரூயிட் முகாமின் முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல கோச்."

"அப்புறம் யாரைத் தேடுற? நான் உன் காதுக்குள்ளதானே கத்திக்கிட்டிருக்கேன்."

"பழக்கம் கோச்."

"ரொம்ப நல்ல பழக்கம். காலேஜ்ல இதுக்குத் தனியா மார்க் போட்டாங்களா?"

மற்றவர்கள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்கள். ட்ரெண்டுக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட ஒரு பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. கிப் இல்லாமல் தனக்கு ஆடத் தெரியுமா என்பது அவனுக்கே தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமே இதுவரை வாய்க்கவில்லை.

கோடையின் கடைசிப் பயிற்சி ஆட்டம் ஒமாஹா அணியோடு. எதிரணித் தற்காப்பின் நடுவில் ஒடெல் கிரிம்ஸ் நின்றான். வின்ஸ்லோ கல்லூரிக்காரன். அந்தக் கல்லூரியை ஹார்ட்வெல் ஒரு சனிக்கிழமை துவைத்துக் காயப்போட்டது. அந்தத் தோல்வியால் தொழில்முறை அணி எதுவும் ஒடெலைத் தேர்வில் எடுக்கவில்லை. அவன் வாசல் வாசலாக ஏறி இறங்கி இங்கே வந்து சேர்ந்திருந்தான்.

பிற்பாதியில் ட்ரெண்டை இறக்கினார்கள். சற்று நேரத்தில் ஒடெல் தன் ஹெல்மெட்டைத் தட்டினான், உதட்டைப் பிதுக்கினான், ரேடியோ செத்துவிட்டது என்று கையை விரித்தான். உடனே ஒமாஹா பயிற்சியாளர் ஓரத்தில் நின்று கையாட்டத் தொடங்கினார். மூக்கைத் தொட்டார்.

ட்ரெண்டின் நெஞ்சு குளிர்ந்தது. அது வின்ஸ்லோவின் பழைய சைகை. அவசரத்துக்கு ஒடெலின் கல்லூரிப் பாடத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். மூக்கு என்றால் இடப்பக்கமிருந்து பாய்வார்கள். பாய்ந்தார்கள். அவர்கள் விட்டுவந்த காலியிடத்தில் எறிந்தான், கூட்டம் கைதட்டியது. மறுபடியும் மூக்கு, மறுபடியும் கைதட்டல். மூன்றாம் முறை பெல்ட்டைத் தட்டினார். பெல்ட் என்றால் நடுவை விட்டுப் பின்வாங்குவார்கள். ட்ரெண்ட் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடுவில் எறிந்தான். நடுவில் ஒடெல் சாவகாசமாக நின்று பந்தை வாங்கிக்கொண்டு மறுகோடி வரைக்கும் ஓடினான்.

திரும்பி வரும்போது நின்று விசாரித்தான்.

"சௌக்கியமா மாப்ள? ரேடியோ நல்லாத்தான் பேசுது. நீ அந்தப் பக்கம் பாப்பேன்னு நாடே சொல்லுச்சு. சும்மா ஒரு தடவ பாத்துக்கலாம்னு தோணுச்சு."

பெஞ்சில் பிரூயிட் கத்தவில்லை.

"இன்னொரு தடவ போ. கழுத்த மட்டும் இங்கயே வச்சிட்டுப் போ."

போனான். அரங்கத்தில் பாதிப் பேர் கார்களைத் தேடிக் கிளம்பியிருந்தார்கள். ட்ரெண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தான். எதிரே தடித்தடி ஆட்கள் இடம் மாறி மாறி நின்றார்கள். எவன் பாய்வான், எவன் பதுங்குவான் என்று சொல்ல உலகத்தில் ஒருவருமில்லை. ஒடெலின் எடை வலது குதிகாலில் சாய்வது கண்ணில் பட்டது. ட்ரெண்ட் மறுபக்கம் எறிந்தான். அணிக்கு நாலு கஜம் முன்னேற்றம் கிடைத்தது. அடுத்த இரண்டு முறையும் எறியுமுன்பே அவனைத் தரையோடு தேய்த்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது ஒடெல் அவன் கையைச் சட்டென்று விடவில்லை.

"அந்த நாலு கஜம் இருக்கே, அத யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அதான பாத்தேன். உன்கிட்டேர்ந்து எங்களுக்குத் தெரியாம வந்தது அது ஒண்ணுதான்."

மறுநாள் காலை ஓர் ஊழியன் வந்து, கோச் கூப்பிடுகிறார், கையில் டேப்லெட்டையும் எடுத்துவரச் சொன்னார் என்றான். ஆட்டத்திட்டங்கள் இருக்கும் கருவியைத் திருப்பிக் கேட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்பது முகாமில் சமையல்காரருக்குக்கூடத் தெரியும்.

"கடைசி எறி நல்லா இருந்துச்சு," என்றார் பிரூயிட். "நாலு வருஷம் முன்னாடியே அத ஆரம்பிச்சிருக்கலாம்."

ட்ரெண்ட் டேப்லெட்டை மேசையில் வைத்தான்.

இலையுதிர் காலத்தில் ஹார்ட்வெல் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் தேன் ஒழுகப் பேசினார். தொழில்முறை ஆட்டம் வரை போன பிள்ளைகளுக்கு மைதானத்தில் பாராட்டு, பெரிய திரையில் ஆளுக்கொரு காட்சி.

"உங்களுக்கு எத போடட்டும்?"

"ஒமாஹாவோட ஆடினேன்ல, அதுல ஒரு நாலு கஜம்."

"என்னப்பா இது, நாலு கஜமா? வின்ஸ்லோவ அடிச்சு நொறுக்கினீங்களே, அத போட்டா கூட்டம் எழுந்து நிக்கும்."

"அது கிப் ஜெயிச்ச ஆட்டம்மா. அவனக் கூப்பிட்டுப் பாராட்டுங்க."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"கிப் டம்ப்ரோஸ்கியா? அப்படி ஒருத்தர் இங்க வேல பாத்ததாவே இல்லையேப்பா."

"அப்ப அந்த ஆட்டமும் நடக்கலம்மா," என்றான் ட்ரெண்ட். "நாலு கஜத்தையே போடுங்க."