தட்டிப்போட்டு வாங்கோ

சட்டியின் மூடி ஒழுங்காக மூடியிருந்தது. கொறற்றியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு ஓடுகிறபோது, ஆவி போகட்டும் என்று மீன்குழம்புச் சட்டியை அவள் சற்று நீக்கித்தான் மூடிவிட்டுப் போவாள். இப்போது யாரோ திறந்து பார்த்து, இறுக்கி மூடியிருக்கிறார்கள். குசினி யன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. ஜேர்மனியின் ஹம் நகரத்து மாசி மாதக் குளிர் முழுவதும் வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது.

"திரும்பவும் வந்திட்டுப் போயிருக்கிறார்," என்றாள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்.

குளியலறைத் தாழ்ப்பாள் மெல்ல விலகியது. பதினைந்து வயது மகள் சாண்ட்ரா ஈரத் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "அவர் போயிட்டாரோ அம்மா?" பள்ளிக்கூடம் அன்று நேரத்தோடு விட்டிருந்தது. முழுகிக்கொண்டிருந்தவள் வீட்டுக்குள் ஆண்பிள்ளை இருமல் கேட்டு, துவாயைச் சுற்றிக்கொண்டு அரை மணித்தியாலமாக உள்ளேயே விறைத்துப்போய் இருந்திருக்கிறாள்.

வந்து போனவர் களவெடுக்க வந்தவர் அல்ல. கீழ்வீட்டில் இருக்கும் பரராசசிங்கம், கொறற்றி குடும்பம் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரர். அகதியாக வந்து, முப்பது வருசம் தொழிற்சாலையில் உழைத்து இந்த வீட்டை வாங்கிய மனிதர். சமையல் ஆவியில் சுவர் பூஞ்சணம் பிடித்துவிடும் என்ற பயம் அவரை நித்திரை கொள்ளவிடாது. மேல்வீட்டு வாசல் பூட்டின் திறப்பையும் அவராக எடுக்கவில்லை, கொறற்றிதான் கொடுத்தாள். போன ஆவணியில் லூர்து மாதாவிடம் பஸ்ஸில் போன ஐந்து நாளும் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் மாதாவின் தீர்த்தம் ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தாள். மனிதர் போத்தலை வாங்கினார், திறப்பைத் தரவில்லை. இவளும் கேட்கவில்லை. எங்கட ஆள் ஒருவரிடம் போய் 'என்ர திறப்பைத் தாங்கோ' என்று எப்படிக் கேட்பது? அப்படியே ஆறு மாதம் போய்விட்டது.

போட்ட சப்பாத்தோடு கீழே இறங்கினாள்.

"அண்ணை, வாறதெண்டா சொல்லிப்போட்டு வாங்கோ. பிள்ளை உள்ள முழுகிக்கொண்டு நிண்டவள்."

"என்ன பிள்ளை, என்ர வீட்டுக்க போறதுக்கு நான் ஆரிட்டக் கேக்கோணும்? நாங்கள் என்ன வெள்ளைக்காரரே?" பரராசசிங்கம் சிரித்தார். "யன்னலைத் திறந்துவிட்டன், அவ்வளவுதான். குழம்பில புளி கூடிப்போச்சு போல. மணத்திலயே தெரியுது."

அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது.

கொறற்றி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஏழாம் அறையில் லேம்கூல் என்றொரு கிழவி, தொண்ணூற்றிரண்டு வயது, இரண்டு காதும் கேட்காது. அந்த அறைக்குப் போவதென்றாலும் கதவைத் தட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் காத்து நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. 'கேளாத மனிசிக்கு என்னத்துக்குத் தட்டுறது?' என்று அன்று மனதுக்குள் சிரித்தவள், மூன்று வருசமாகத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கொறற்றியின் பிள்ளைக்கோ இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவள் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவருக்கும் கை வரவில்லை.

"விடு," என்றான் அன்றிரவு கணவன் ஜேசுரட்ணம். "வீட்டால எழுப்பிவிட்டாரெண்டா எங்க போறது? எங்கட பேரைக் கண்டிட்டு எத்தினை பேர் வீடு காட்டவே கூப்பிடேல்லை. இவர்தானே தந்தவர்."

"தந்தவர்தான். சும்மா தரேல்லையே. சுவர் அவரின்ர, வீடு எங்கட."

அந்தக் கிழமை முழுக்க சாண்ட்ரா, தனியே இருக்கிற நேரமெல்லாம் வாசல் கதவுக்குக் குசினி மேசையடிக் கதிரை ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்தாள். கொறற்றி வேலையால் வந்து, "நான்தான் பிள்ளை" என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். சொந்த வீட்டில் பிள்ளை சிறையிருக்கிற மாதிரி இருப்பதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டு நிற்பாள்?

வியாழக்கிழமை வாடகைக்கு இருப்பவர்களின் சங்கத்தில் சந்திக்க நேரம், Termin, எடுத்துப் போனாள். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டு விளக்கினாள். காரணம் சொல்லி, முன்கூட்டி அறிவித்து, இவள் சம்மதித்தால்தான் வீட்டுக்காரர் உள்ளே வரலாம். பூட்டின் உருளையை, திறப்பு நுழையும் உட்பகுதியை, இவளே மாற்றலாம், பழையதை மட்டும் பத்திரமாக வைத்திருந்து வீட்டை விடும்போது திரும்பப் பொருத்திக் கொடுக்க வேண்டும். கொறற்றி ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டாள். அந்தப் பெண் இரண்டு தரமும் அதையே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தாயும் மகளும் கதவடியில் முழங்காலில் இருந்தார்கள். சாண்ட்ரா போனில் வீடியோவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கொறற்றி திருகாணியைக் கழற்றினாள். உருளை அசையமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஜேசுரட்ணம் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு, "திறப்பைக் கொஞ்சம் திருப்பிப்போட்டு இழு," என்றபடி எழும்பி வந்து பக்கத்தில் குந்தினான். உருளை கையோடு வந்தது, வாங்கி வந்த புதியது அந்த இடத்தில் போய் இருந்தது. கொறற்றி பழையதைத் துடைத்து, பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் போட்டு, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணியிருக்கும். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்து நின்றது. பூட்டுக்குள் திறப்பு நுழைந்து, திரும்ப மாட்டாமல் கிறீச்சிட்டது. வெளியே வந்தது. மறுபடி நுழைந்தது. சாண்ட்ரா பல்விளக்கும் தூரிகையோடு அறை வாசலில் அப்படியே நின்றாள். கொறற்றி அவளைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

மூன்றாம் தரமும் திரும்பவில்லை. செருப்பு கீழே இறங்கவுமில்லை.

பிறகு, மிகவும் மெதுவாக, கதவு தட்டப்பட்டது.

"ஆர்?"

"நான்தான் பிள்ளை."

"நான்தான் எண்டா ஆர்?"

வெளியே ஒரு பெருமூச்சு. "பரராசசிங்கம்."

"நில்லுங்கோ அண்ணை, கைவேலையா இருக்கிறன்."

அவள் கையில் ஒரு வேலையும் இல்லை. சேலைத் துணியால் தைத்த, சட்டி இறக்கும் கைபிடித் துணியில், ஈரமே இல்லாத கைகளை ஆறுதலாகத் துடைத்தாள். சாண்ட்ரா வந்து, ஒரு கிழமையாகக் கதவடியிலேயே நின்ற கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், குசினி மேசையடியில் அதனுடைய இடத்தில் வைத்தாள்.