ஒன்பது வௌவால்களும் ஒரு கூடைக் காளானும்

எகில்ஸ் நல்ல கணவன்தான். பாத்திரம் கழுவுவான், மாமியாரோடு மல்லுக்கு நிற்கமாட்டான், மீனுக்குப் புகை போடும் கொட்டகையிலிருந்து வந்தால் குளிக்காமல் சோபாவில் உட்காரமாட்டான். ஆனால் மஞ்சள் காளானை எங்கே பறிக்கிறான் என்று மட்டும் கட்டிய மனைவியிடம்கூட வாய் திறக்கமாட்டான். ஸைகா கெஞ்சியும் பார்த்தாள், ஒருமுறை காரில் பின்தொடர்ந்தும் பார்த்தாள். அவன் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவள் அம்மா வீட்டு வாசலில் நிறுத்திக் காபி கேட்டான். குர்ஸெமே மாகாணத்துக் கடற்கரையில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. காளான் இடத்தை உளறிவிட்டவனைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும்.

ஸைகாவின் வேலையோ நேர் எதிர். வௌவால்கள் எங்கே இருந்துவிட்டு வருகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. கோடை முடிவில் கடலோரமாகத் தெற்கே போகும் வௌவால்களைப் பிடித்து, முதுகில் ஒரு சிட்டிகை முடியை நறுக்கிக்கொண்டு பறக்கவிடுவார்கள். முடி முளைத்த இடத்து மழைத்தண்ணீரின் அடையாளம் அதில் தங்கியிருக்கும். தண்ணீரின் ஹைட்ரஜனில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு; ஐசோடோப்பு என்பார்கள். கடலை விட்டு உள்ளே போகப் போக மழையில் கனமானது குறைந்துகொண்டே வரும். முடியை எரித்து, வரும் வாயுவை இயந்திரத்தில் அளந்தால், அந்த வௌவால் கோடையை எந்தப் பக்கம் கழித்தது என்று சொல்லிவிடலாம். எகில்ஸை எரிக்க முடியாததுதான் ஸைகாவின் குறை.

போன ஆகஸ்டில் செம்பழுப்பு நிறச் சின்ன வௌவால்கள் ஒன்பது அகப்பட்டன. இந்த வகை கிழக்கே வெகுதூரத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முடியோ கடலோர மழையைச் சொன்னது. அவை இந்த மண்ணிலேயே கோடையைக் கழித்திருக்கின்றன. ஸைகா ஆய்வுக்கூடத்தில் ஒரு ஆட்டமே ஆடிவிட்டாள்.

அவளுடைய பேராசிரியர் ஓயார்ஸ் ஆடவில்லை. அளவில் பிழை என்றார். மறுபடி அளந்தார்கள், அதே விடை. அப்போதும் அவர் இறங்கிவரவில்லை.

"தாயும் குட்டியுமா ஒரு மரத்தைக் காட்டும்மா. இல்லேன்னா அந்த ஒன்பதும் அறிக்கையில வராது."

ஸைகா எதிர்வாதம் பேசத் தொடங்கினாள். அவர் காதுமெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். இனி பேசிப் பயனில்லை என்று அதற்கு அர்த்தம்.

பனி உருகியதிலிருந்து அவள் காடுகாடாக அலைந்தாள். ஜூலையும் வந்துவிட்டது, திங்கட்கிழமை அறிக்கையை அனுப்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் புது உருளைக்கிழங்கு, புளித்த பாலேட்டில் வதக்கிய மஞ்சள் காளான். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகிறது என்று சொல்லி அழுதாள். எகில்ஸின் முள்கரண்டி பாதியில் நின்றது.

"அதுங்க வெயில் ஏறினா கீச்சுகீச்சுன்னு கத்துமா?"

"கத்தும். ஏன்?"

"மரப்பொந்துலயா இருக்கும்?"

ஸைகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை வருஷமா தெரியும் உனக்கு?"

"ஒரு அஞ்சாறு வருஷமா." அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "சொன்னா எங்கேன்னு கேப்பியே."

ஸைகா ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அவன்மேல் எறிந்தாள். எறிந்த கையோடு அவனைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவளுடைய போனை வீட்டிலேயே வைக்கச் சொன்னான், வரைபடம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பழைய கேமராவுக்கு மட்டும் அனுமதி. ஒரே பெட்ரோல் பங்கை மூன்று முறை கடந்து, காட்டுக்குள் கோணல்மாணலாக நடத்திக் கூட்டிப்போனான். வெயில் ஏறியதும் அந்தச் சத்தம் கேட்டது. கிழட்டு ஆஸ்பென் மரம், அதில் ஒரு பொந்து, பொந்தின் கீழே கறுப்பாக வழிந்த எச்சம். விளிம்பில் ஒரு குட்டி முகம் எட்டிப் பார்த்தது. ஸைகா வந்த சந்தோஷத்தில் கேமராவைத் தூக்கி மளமளவென்று படமெடுத்தாள்.

மரத்தைச் சுற்றிலும் தரையெல்லாம் மஞ்சள் காளான். மறுபக்கத்தில் ரப்பர் பூட்ஸோடு ஒருவர் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, ஓயார்ஸ்.

எகில்ஸ் திருடனைப் பிடித்தவன்போல நின்றான்; தான்தான் திருடனோ என்றும் அவனுக்கே சந்தேகம். பேராசிரியர் கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் கத்தி இருந்தது.

ஸைகா மரத்தைக் காட்டி ஏதேதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். காட்டுக்குள் நிம்மதியாக இருக்க அதைக் கழற்றிவிடுவது வழக்கம் என்று முனகியபடி, கோட்டுப் பையிலிருந்து மெஷினை எடுத்து மாட்டினார்.

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே பாசியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் இதே மரத்தடியில, கீழேயே பாத்துட்டு இருந்திருக்கேன்," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒன்பதும் இருக்கட்டும்மா. முதல் பக்கத்துலயே இருக்கட்டும்."

எகில்ஸ் தொண்டையைச் செருமினான். "சார், அறிக்கையில இடம் போடணுமா?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குர்ஸெமேன்னு போட்டா போதும் தம்பி."

"அப்போ இந்தக் கூடை எனக்கு," என்று ஸைகா அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அதை உருவிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் தலைநகர் ரீகாவில் கருத்தரங்கு. ஸைகா பேசி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் மட்டும், அந்த மரம் சரியாக எந்தக் காட்டில் இருக்கிறது என்று பேராசிரியரைக் கேட்டார். கைதட்டிய உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஓயார்ஸ் அவரைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். பிறகு காதுமெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.