முப்பதைத் தாண்டாத ஒஸ்டின்

புது ஒஸ்டின் செங்கலடிச் சந்தியில் திரும்பியபோது நெல் வியாபாரி பிலிப்புவின் நெஞ்சு இஞ்சினைவிட வேகமாக அடித்தது. காரைக் கையில் தந்த கொம்பனிக்காரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: முதல் ஐந்நூறு மைல் ஓடி இஞ்சின் பழகும்வரை வேகம் முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாது, மீறினால் உள்ளுக்குள் உராய்ந்து, ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். அந்த முப்பதுக்குக் காவலாகப் பக்கத்தில் மனைவி பீற்றிஸ். அவள் கண் வீதியில் இல்லை, வேகம் காட்டும் முள்ளில் இருந்தது.

போகிற காரியமோ அவசரம். கரடியனாற்றில் பெரிய வயற்காரர் நல்லரத்தினப் போடியார் கதிரெல்லாம் சூடடித்து முடித்துவிட்டார். அவருடைய களவெட்டியில், அந்தச் சூடடிக்கும் களத்தில், குவிந்திருக்கும் நெல் கிடைத்தால்தான் பிலிப்புவின் அரிசி மில்லுக்கு இந்த வருடம் வேலை.

பின்னால் பேரிரைச்சல். போட்டி வியாபாரி அஹமட்டின் கிழட்டுக் கார் புகை கக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"என்ன மச்சான், மாடு பூட்ட மறந்துட்டீங்களா?" என்று கத்திவிட்டுப் பறந்தார்.

பிலிப்புவின் கால் தானாக அக்ஸிலேட்டரை அமுக்கியது. ஒஸ்டின் குதூகலமாக உறுமியது.

"முப்பத்திரண்டு!" பீற்றிஸ் அலறினாள்.

"நெல்லு போகுதுகா!"

"நெல்லு அடுத்த போகமும் விளையும். இஞ்சின் விளையுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அஹமட் வேர்த்து விறுவிறுத்து நின்றார். போடியார் விலையில் இம்மியும் இறங்கவில்லை.

"இப்பிடிப் புழுதி பறக்க ஓடி வந்த ஆளுக்கு என்ட விலை பெரிசா?"

"அப்ப எனக்கு வேணாம்!" அஹமட் சால்வையை உதறினார்.

போடியார் பிலிப்புவிடம் திரும்பினார். வயல் வட்டை நெடுக அந்தக் கார் ஊர்ந்து வந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நெல்லுக்கா வந்தீங்க, உலாத்தவா?"

உள்ளே துள்ளிய துள்ளலைப் பிலிப்பு முகத்தில் காட்டவில்லை. "சும்மா காத்து வாங்க வந்தம், போடியார்."

"கெதியா வாங்க," என்றாள் பீற்றிஸ் கொட்டாவியோடு. "உன்னிச்சைக்கும் போகோணுமே."

உன்னிச்சையிலும் நெல் இருக்கிறது. போடியாரின் முகம் மாறியது, விலையும் இறங்கியது. வேணாம் என்று சால்வையை உதறியவர் இன்னொருவர் பேரத்தில் வாய் திறப்பது வழக்கமில்லை. அஹமட் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தார். தேத்தண்ணி ஆறுமுன் நெல் பிலிப்புவுக்கு.

அஹமட் ஒஸ்டின் கதவைப் பிடித்துக்கொண்டார். "முந்தி வந்தது நானல்லவா மச்சான்! இதை எதுமட்டும் இப்பிடி ஊரவிடுவீங்க?"

"ஐந்நூறு மைல் எண்டுதான் சொன்னாங்க." பிலிப்பு இஞ்சினைக் கிளப்பினார். "எனக்கெண்டா, இந்தப் போகம் முடியுமட்டும் பழக்கினா நல்லம் போல கிடக்கு."