ரொட்டி வேகும்வரை

“நாளைக்கு வர்ற இருபது டன் பொக்லைன ஒரே ஒரு ரொட்டிய வெச்சு நிறுத்திக் காட்டறேன்” என்றாள் இங்வெல்துர், கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்தபடி.

குளியலகத்தின் வெந்நீர்த் தொட்டியில் இருந்த மற்ற ஏழு பேரும் சிரித்ததில் பாதித் தண்ணீர் வெளியே போயிற்று. சிரிக்கமாட்டார்களா? முப்பத்துநான்கு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பனிப்புயலில் எதிர்காற்று பிடிக்காமல் நாற்பது கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டி வந்ததாக இன்றைக்கும் சாதிப்பவள்.

சிரிக்காதவர் எட்டாவது ஆள், ஹால்முந்துர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். பலகையில் நாற்பது டிகிரி என்று எழுதியிருந்தாலும், சொந்த வெப்பமானியை விட்டுப் பார்த்த பிறகே தொட்டியில் கால் வைப்பார்.

“நிக்காது. நின்னா, இதே தொட்டியில எந்திரிச்சு நின்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்.”

“துண்டக் கட்டிக்கிட்டு நில்லுய்யா, ஊரு தாங்காது.”

விளையாட்டாகப் பேசினாளே தவிர, அவளுக்குக் கோபம் ஆறவில்லை. குளியலகத்துக்குக் கீழே, ஏரியை ஒட்டிப் பூமிச் சூட்டில் கொதிக்கும் மணல். ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவைப் பிசைந்து பானையில் அடைத்து அங்கே புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் மறுநாள் அதே நேரத்துக்கு ரொட்டி தயார். ஊர் உண்டான நாள்முதல் அப்படித்தான். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து குளியலகத்துக்கு வந்த புது மேலாளர் தாரி, அந்த மணலை வாரிவிட்டு விருந்தாளிகள் சாய்ந்து படுக்க மரத்தளம் போடப்போகிறானாம். வியாழன் மாலை ஊராட்சி கூடி இதைப் பேச இருந்தது. அதற்குள் தோண்டிவிட்டால் பேசுவதற்கு மணலே இருக்காது அல்லவா? செவ்வாய்க்கே பொக்லைனை வரச்சொல்லிவிட்டான்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கியது. அப்படியே நின்றது. ஓட்டுநர் ஏவிந்துர், உள்ளூர்க்காரன், எட்டிப் பார்த்தான். மணலில் ஒரு கல்.

“யாரு பானை?”

“என்னுது” என்றாள் இங்வெல்துர்.

“எப்போ எடுப்பீங்க?”

“நாளைக்கு. இதே நேரம்.”

அவன் வண்டியை அணைத்துவிட்டுக் காப்பியை ஊற்றிக்கொண்டான். தாரி ஓடி வந்தான்.

“ஏன் நிக்குது?”

“ரொட்டி வேகுது.”

“தூக்கி ஓரமா வையேன்!”

“அடுத்தவங்க பானைய அரை வேக்காட்டுல எடுக்கறதா? அப்புறம் எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?”

தாரி தானே மண்டியிட்டு மணலுக்குள் கையை விட்டான். அவன் போட்ட கூச்சலில் அக்கரை ஆடுகள் மலை ஏறிவிட்டன. காலணியோடு ஏரிக்குள் பாய்ந்து கையை நனைத்தான். நீராவி அறையிலிருந்து இறால் போலச் சிவந்து வெளியே வந்த விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

புதன் காலை அவள் பானையை எடுத்தாள். ஏவிந்துருக்கு வெண்ணெய் தடவி, புகையிட்ட மீனும் வைத்துச் சூடாக ஒரு துண்டு கொடுத்தாள். அவன் மென்று முடிப்பதற்குள் அதே குழியில் அடுத்த பானை உட்கார்ந்துவிட்டது.

“ஒரே ரொட்டின்னீங்க?”

“ஒரு நேரத்துக்கு ஒண்ணுதானே இருக்கு?”

தாரியும் சும்மா இருக்கவில்லை. அன்று மதியமே ஊரின் ஒரே கடைக்குப் போய், இருந்த மாவுப் பைகள் அத்தனையையும் வாங்கிக் கொண்டுபோனான். இங்வெல்துர் போனபோது அலமாரியில் தூசிதான் இருந்தது.

வியாழன் காலை வெறுங்கையோடு கரைக்கு இறங்கினாள். பானையை எடுத்தால் குழி காலி. ஊராட்சி கூட இன்னும் எட்டு மணி நேரம். ‘நானே மேல உக்காந்துக்கறேன். என்னை வேகவைக்க எவ்வளவு நேரம் ஆகும்னு பார்க்கட்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அங்கே அவளுடைய கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல். அதைச் சுற்றி நான்கு முளைகள், அளந்து கட்டிய கயிறு. பக்கத்தில் ஹால்முந்துர், தாடியெல்லாம் மாவு.

“வீட்டுல மூணு வருசப் பழைய மாவு கிடந்துச்சு” என்றார், ஏரியைப் பார்த்தபடி. “உள்ள தொண்ணூத்தேழு டிகிரி. நாளைக்கு ஒன்பது பத்துக்கு எடுக்கலாம்.”

“நிக்காதுன்னு சொன்ன ஆளு நீதானே?”

“நிக்காதுன்னுதான் சொன்னேன். நிக்கக் கூடாதுன்னு சொல்லலையே.”

ஏவிந்துர் இரண்டாவது கல்லைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், மறுபடி காப்பிக் குடுவையைத் திறந்தான். தாரி அன்று மணலுக்குக் கிட்டவே வரவில்லை.

அன்று மாலை ஊராட்சியில் நாலுக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது. மணல் மணலாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை தொட்டியில் ஒன்பது பேரும் இருந்தார்கள். ஹால்முந்துரின் ரொட்டியைக் கடற்பறவை ஒன்று தூக்கிப்போய், பாரம் தாங்காமல் ஏரியில் போட்டுவிட்டது என்று இங்வெல்துர் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“அது இருபது டன் இல்ல, பதினாலு. ரொட்டியும் ஒண்ணு இல்ல, மூணு” என்றார். கொஞ்சம் தொண்டையைச் செருமினார். “ஆனா நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்.”