கூண்டில் விழுங்கிய சொல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. (முதலில் 'ஒரு வதந்தியிலிருந்து' என்று எழுதி அடித்தேன். அது இன்னொரு பொய்.)

நான் நேவியோ. இத்தாலியில், போ என்னும் ஆற்றின் கரையில் ஒரு சிற்றூரின் ஓபரா அரங்கில் இருபத்தாறு வருடமாக அடியெடுத்துக் கொடுக்கிறேன். மேடை விளிம்பில், இடுப்பளவுப் பள்ளத்தில் ஒரு மரக்கூண்டு. பாடுகிறவர்களுக்கு அடுத்த அடியின் முதல் சொல்லை அரை நொடி முன்னால் சொல்வது என் வேலை. பார்வையாளர்களுக்கு என் குரல் கேட்டால் நான் வேலை தெரியாதவன்.

2

தொடக்கம் அ: "நகராட்சி மானியத்தை வெட்டிய அந்த இளவேனிற்காலத்தில்..."

வேண்டாம். நாலு வருடமாக வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இளவேனில் என்ன பாவம் செய்தது?

தொடக்கம் ஆ: "லொரெதானா அன்று காலை..."

இவளை வைத்துத் தொடங்கினால் வாசகர் இவள் பக்கம் சாய்ந்துவிடுவார். சாயட்டும். கோரஸில் இருபத்திரண்டு வருடம் பாடுகிறவள். நாற்பது பேர் கொண்ட நிரந்தரக் கோரஸைக் கலைப்பதா வேண்டாமா என்று வரும் வியாழக்கிழமை நகரமன்றத்தில் வாக்கெடுப்பு. கலைத்தால் ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு வேலை இல்லை.

3

வாக்கெடுப்புக்கு முன் நேரில் பார்த்துவிடலாம் என்று, நகராட்சியின் கலாசாரப் பொறுப்பாளர் மொரேனா ஸனோலி கடைசி ஒத்திகைக்கு வந்தார். (முதல் வரைவில் இவருக்கு ஒரு கோணல் சிரிப்பு கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நல்ல மனுஷி. எதையாவது வெட்டு என்று மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். எதை என்று தெரியாமல் முழிக்கிறார்.) கழுத்தில் ஊதா ஸ்கார்ஃப்.

எங்கள் அரங்குகளில் ஊதா ஆகாது. முன்பெல்லாம் தவக்காலம் நாற்பது நாளும் தேவாலயம் ஊதா உடுத்தும், அரங்கம் பூட்டிக் கிடக்கும், பாடகன் வயிறு காயும். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வேறு யாராவது ஊதாவில் வந்தால் டிக்கெட் கிழிப்பவரே வழிமறிப்பார். பொறுப்பாளரை யார் மறிப்பது?

இரண்டாம் அங்கத்தில் கோரஸ் பாடத் தொடங்க வேண்டிய இடம் வந்தது. யாரும் பாடவில்லை. இசைக்குழு கொஞ்ச தூரம் தனியாக வாசித்துவிட்டு நின்றது. அப்போதுதான் கோரஸின் பின்வரிசையில் யாரோ, "அங்க பாருங்க, ஊதா" என்று முணுமுணுத்தார்கள்.

ஸனோலி ஸ்கார்ஃபைக் கழற்றி மடியில் வைத்தார். "நாப்பது பேருக்கு வேலை வேணும்கிறீங்க. ஒரு துணியப் பாத்து வாயடைச்சு நிக்கிறீங்க. மன்றத்துல என்னன்னு சொல்லி நான் உங்களைக் காப்பாத்துறது?"

ஊதாவைக் கண்டு கோரஸ் பாட மறுத்தது என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. நிருபர் கேட்டபோது நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன்.

4

ஒன்றை விட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் நிற்கும் இசை நடத்துநரைப் பார்ப்பதற்கு என் கூண்டில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. ஊதாவை முதலில் பார்த்தவன் நான், அந்தக் கண்ணாடியில். இரும்பைத் தொட்டால் தோஷம் போகும் என்பது எங்கள் வழக்கம். சட்டைப்பையில் வீட்டுச் சாவியைத் தேடினேன். தேடிய நேரத்தில் சொல் போய்விட்டது. இருபது நாள் ஒத்திகை பணமில்லாமல் எட்டு நாளாகச் சுருங்கியிருந்ததால் கோரஸுக்கு வரிகள் மனதில் நிற்கவில்லை. என் வாயை நம்பி நின்றார்கள். என் வாய் மூடியிருந்தது.

லொரெதானா முன்வரிசை. பார்த்துவிட்டாள். நேற்று காபிக் கடையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீயே சொல்லுவேன்னு மூணு நாளா பாக்குறேன், நேவியோ."

சொன்னால் என் வேலை போய்விடும் என்றேன். கூண்டை மூடிவிட்டு, வரிகளைக் காட்டும் ஒரு மின்திரை வைத்தால் செலவு மிச்சம் என்று ஏற்கனவே பேச்சு அடிபடுகிறது.

"பென்ஷனுக்கு உனக்கு ஒரு வருஷம். எனக்குப் பதினாறு." காபியை ஒரே மடக்கில் குடித்தாள். "கெஞ்ச மாட்டேன். அன்னிக்கு நாங்க வாயத் திறக்காம நின்னது ஊதாவுக்காக இல்ல. உன் சொல்லுக்காக."

5

முடிவுகள்.

ஒன்று: மன்றத்தில் சொல்கிறேன், கோரஸ் பிழைக்கிறது. (இனிப்பு கொஞ்சம் தூக்கல்.)

இரண்டு: சொல்கிறேன், இருந்தும் கலைக்கிறார்கள். (இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது.)

மூன்று: மன்றத்தில் வாயைத் திறக்காமல், இந்தக் கதையை மட்டும் எழுதி, நேர்மையானவன் என்று பேர் வாங்கி

இதை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழன் பத்து மணிக்கு மன்றத்தில் இருப்பேன். பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். கூப்பிடுவார்கள், எழுந்து நிற்பேன். என் முன்னால் கூண்டு இருக்காது. முதல் சொல் 'நான்தான்'. அது தொண்டையில் நின்றுவிட்டால், இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு அது தெரியும். அரை நொடி முன்னால், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, எடுத்துக்கொடுங்கள்.