டேப்லெட்டில் மட்டும் போகவில்லை

அண்ணி வேலை நேரத்தில் போன் செய்யும் ரகமில்லை. பிரசவ வார்டின் தலைமை நர்ஸுக்குத் தண்ணீர் குடிக்கவே நேரம் கிடைக்காது. அதனால் திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எடுத்தேன்.

"உங்க வெப்சைட்ல ரத்தம் கேட்டா போக மாட்டேங்குது. பிரசவமான பொண்ணு, ரத்தம் நிக்கல. டேப்லெட்ல அமுக்க அமுக்க 'முடியவில்லை'ன்னே வருது."

அது எங்கள் கம்பெனி செய்த வெப்சைட். அதைச் சோதிப்பது என் வேலை. அதில் கோரிக்கை விழாமல் ரத்த வங்கியில் ஒரு பைகூடத் தர மாட்டார்கள். வாய்வார்த்தையை நம்பி ஒருமுறை வேறு வகை ரத்தம் போய்விட்டதிலிருந்து அப்படிக் கறார்.

"மேசைக் கம்ப்யூட்டர்ல பாருங்க அண்ணி."

"ம்... இதுல போயிடுச்சு. ரெண்டு பை." போனை வைத்துவிட்டார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். சிக்கல் வந்தால் நான்கு பிரௌசரில் போட்டுப் பார்ப்போம். மூன்றில் ஓடினால் நாலாவதுதான் குற்றவாளி, கேஸ் முடிந்தது. போட்டுப் பார்த்தேன். டேப்லெட்டில் இருக்கும் பிரௌசர் மட்டும் மறுத்தது.

பின்னால் நின்ற மேனேஜர், "டேப்லெட்ட ஓரமா வைக்கச் சொல்லுங்க. வேற எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். ஓரமாக வைப்பதில் மனிதர் மன்னன்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த 'முடியவில்லை' செய்தியை விரித்துப் பார்த்தேன். எந்த வார்டு கேட்கிறது என்று காட்ட கோரிக்கையோடு போகும் அடையாளச் சாவியைக் கொண்டுவர சர்வர் சம்மதிக்கவில்லை என்றிருந்தது. நேற்றுவரை சம்மதித்த சர்வர்தான். அதைப் பார்த்துக்கொள்பவன் எதிர் மேசையில் இருந்தான். கல்யாணமாகி ஒரு மாதம். ஆபீஸ் முழுக்க அவனுக்குப் புதுமாப்பிள்ளை என்றே பேர்.

"காலையில எதையாவது மாத்தினியா?"

"சர்வர் எதையெல்லாம் ஏத்துக்கணும்ங்கிற அனுமதிப் பட்டியல்ல தேவையில்லாதத கொஞ்சம் எடுத்தேன்க்கா. ஆனா மத்த மூணுலயும் ஓடுதே."

அங்கேதான் எனக்குச் சுரீர் என்றது. பிரௌசர் சர்வரிடம் 'இதைக் கொண்டுவரலாமா' என்று கேட்டு, கிடைத்த சம்மதத்தைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். டேப்லெட்டில் இருப்பதற்கு ஞாபகம் குறைவு, சீக்கிரமே மறுபடி கேட்டு உதை வாங்கிவிட்டது. மற்ற மூன்றும் அவன் பட்டியலில் கை வைக்கும் முன் வாங்கிய சம்மதத்தை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தன. அது காலாவதியானதும் அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் ரத்தம் கேட்க முடியாது.

"எடுத்ததத் திரும்பப் போடு."

"மேனேஜர் ஒப்புதல் இல்லாமலாக்கா? தொடாதீங்கன்னுட்டுப் போயிருக்காரு. எனக்கு இன்னும் வேலையே நிரந்தரமாகல."

ஓடிப்போய் மீட்டிங் அறைக் கண்ணாடியைத் தட்டினேன். மேனேஜர் 'அப்புறம்' என்று கையை ஆட்டிவிட்டு முதுகைக் காட்டினார். கண்ணாடியை உடைத்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. அதற்குள் போன் அடித்தது.

"இப்ப மேசைக் கம்ப்யூட்டர்லயும் போகல. ரெண்டு பை பத்தலம்மா. பொண்ணு வெளுத்துட்டே போறா."

அண்ணியின் குரலில் பதற்றமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் புதுமாப்பிள்ளையின் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பிரஷர் இறங்குது சிஸ்டர்," என்றது யாருடைய குரலோ.

அவன் முகம் செத்துப்போயிற்று. எடுத்ததைத் திரும்பப் போட்டு, சர்வரை அணைத்து மறுபடி துவக்கினான்.

"அமுக்குங்க அண்ணி."

"போகல."

"சர்வர் இன்னும் எழுந்திருக்கலக்கா," என்றான் அவன். இருவரும் திரையையே வெறித்தோம். சர்வர் ஓடுகிறது என்று பச்சை விழுந்தது.

"இப்ப அமுக்குங்க."

"...போயிடுச்சு."

செருப்புகள் ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அண்ணிக்குப் போன் ஞாபகமே இல்லை. நாங்களும் துண்டிக்கவில்லை. தூரத்தில் பேச்சு வந்து வந்து போனது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

மீட்டிங் முடிந்து மேனேஜர் வந்தார். "டேப்லெட் கதை முடிஞ்சுதா?"

புதுமாப்பிள்ளை எழுந்து நின்றான். "டேப்லெட் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் காலையில தப்பா எடுத்துட்டேன். உங்களக் கேக்காம திரும்பப் போட்டுட்டேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. "யாரக் கேட்டு..." என்று தொடங்கினார்.

"யாராவது இருக்கீங்களா?" என்றது மேசைமேல் இருந்த போன். "ரத்தம் நின்னுடுச்சு. பொண்ணு கண்ணு முழிச்சுக் குழந்தையக் கேக்குறா."

புதுமாப்பிள்ளை பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். மேனேஜர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.