அலசல் தண்ணீர்

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள் நஜீமுதீன். வண்டியை விற்பது என்று முடிவு செய்தாரா, அதற்கு மேல் மறுபேச்சு கிடையாது. ஆனால் விற்கப்போகிற அந்த வண்டிக்கு அவர் செய்துகொண்டிருந்த உபசாரத்தைப் பார்த்தால், கட்டிக்கொடுக்கிற மகளுக்குக்கூடத் தகப்பன் அவ்வளவு செய்யமாட்டான் என்று தோன்றும். வண்டிக்குள் இருந்த கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, அதன் அடியில் பொருத்தியிருந்த தண்ணீர்த் தொட்டியோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜரீனாவுக்கு அவருடைய கைலியும் இரண்டு பாதங்களும்தான் தெரிந்தன.

"சாயங்காலம் விக்கப்போற வண்டிக்கு இவ்வளவு எதுக்குங்க?" என்றாள் ஜரீனா, சின்ன வெங்காயம் உரித்தபடி.

"வாங்குறவனுக்கும் பொண்டாட்டி இருக்கும்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்? அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அது சாதாரண வண்டி இல்லை. படுக்கக் கட்டில், சமைக்க அடுப்பு, பாத்திரம் கழுவக் குழாய், தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வெளியே ஒரு குழாய் எல்லாம் வைத்த வண்டி. அரபு நாட்டில் கேரவன் என்பார்கள். லெப்பைக்குடிக்காட்டில் அவர்கள் தெருவில் 'வூட்டு வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே தம்மாமில் கேரவன்களை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில்தான் நஜீமுதீனின் வாலிபம் முழுக்கப் போயிற்று. குளிர்காலத்தில் அரபிக் குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரம் போடக் கிளம்பும். அந்த வண்டிகளின் தண்ணீருக்கு அவர்தான் பொறுப்பு. திரும்பி வந்ததும் ஒரு பழைய வேனை வாங்கி, ஆணி முதல் குழாய் வரை தன் கையாலேயே இந்த வண்டியைச் செய்தார். "ஒனக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்டுறேன்" என்று கல்யாணமான புதிதில் ஜரீனாவிடம் சொல்லியிருந்தார். மனுஷன் அதுவரை அவளுக்குக் காட்டியது திருச்சி ஏர்போர்ட் ஒன்றைத்தான்.

முதல் பயணம் திருமழபாடிக்குப் போனார்கள். கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தி, வண்டிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஜரீனா டீ போட்டாள், சோறு ஆக்கினாள், அந்தத் தண்ணீரையே குடித்தாள். ஆற்றுக் காற்றில் அவர் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, இந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் அழவும் செய்தாள். வீடு திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திப் படுக்கவைத்து, டைஃபாய்டு என்றார்கள். எங்கே என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, நஜீமுதீனுக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஊரான் வீட்டு வண்டியை மருந்து ஊற்றிக் கழுவாமல் ஒருநாளும் வெளியே விடாதவர், தன் மனைவி ஏறுகிற வண்டிக்கு மட்டும் 'புதுத் தொட்டிதானே' என்று இருந்துவிட்டார். ஒழுகுகிறதா என்று பார்க்க ஊற்றிய தண்ணீர், ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைந்த நாளெல்லாம் வெயிலில் கிடந்து வெந்திருக்கிறது. வண்டி கைக்கு வந்த மகிழ்ச்சியில் அதை வடிக்காமலேயே மேலே நல்ல தண்ணீரை ரொப்பிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மகளைப்போல் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமனாருக்கு வாக்குக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். ஜரீனாவின் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்குத் தெம்பு வரவில்லை.

"அத்தா, மொதல்ல அந்த வண்டியத் தள்ளி விடுங்க" என்று திருச்சியிலிருந்து மகள் மர்ஜியா போனில் சத்தம் போட்டாள். அரியலூரிலிருந்து செந்தில்குமார் என்று ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்தார். அந்த நேரம் பார்த்து தம்மாமிலிருந்து பழைய முதலாளியும் கூப்பிட்டார், இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று.

"வண்டி போனா நானும் போறேன் ஜரீனா. இங்க ஒக்காந்து என்ன கிழிச்சேன்? ஒன்னப் படுக்க வச்சதுதான் மிச்சம்" என்றார்.

அவள் உடம்பு தேறிவிட்டது. ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. வண்டி வாசலில் நிற்கும்வரைதான் மனுஷனும் வீட்டில் இருப்பார். இன்று சாயங்காலம் செந்தில்குமார் வந்து சாவியை வாங்கிக்கொண்டால், அடுத்து அலமாரி மேல் இருக்கிற பெட்டி கீழே இறங்கும். மறுபடியும் போன்தான் புருஷன் என்று அவள் வாழவேண்டும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் இல்லை.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னதும் நஜீமுதீன் கட்டிலைத் திரும்ப இறக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தொட்டியின் வாயில் ஹோஸை மாட்டி நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு, ரொம்பியதும் மூடிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

தொட்டி ரொம்பிவிட்டது, அப்படியென்றால் வேலை முடிந்தது என்று ஜரீனா நினைத்தாள். நேற்றுதான் அவர் வாசனை சேர்க்காத ப்ளீச் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி, எலுமிச்சை வாசனை போட்டதைக் கொடுத்த கடைக்காரரோடு சண்டை வேறு போட்டுவிட்டு வந்து, தொட்டியில் கலந்து ஊறவைத்திருந்தார். ஒவ்வொரு குழாயையும் திறந்து, மருந்து வாசம் வருகிறதா என்று மோந்து மோந்து பார்த்தார். இன்று காலையில் அதையெல்லாம் வடித்துவிட்டார். இனிமேல் இதைவிடச் சுத்தமான தண்ணீர் இந்த ஜில்லாவில் கிடையாது. இதில் ஒரு டீயைப் போட்டு, நாமும் அவர் கண்முன்னால் குடித்து, அவரையும் குடிக்கவைத்தால் அவருக்குத் தைரியம் வந்துவிடாதா? தைரியம் வந்தால் வண்டியை விற்பாரா?

ஆனாலும் ஒருமுறை சூடு கண்ட பூனை. மருந்தை மட்டும் நம்ப அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். வெள்ளைத் துணிக்கு நடுவே அந்த பாட்டில் இருந்தது. உம்ரா யாத்திரை முடித்து நஜீமுதீன் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் என்கிற புனிதக் கிணற்றுத் தண்ணீர். ஊருக்கெல்லாம் பங்குவைத்த பிறகு இந்த ஒரு பாட்டிலை மட்டும் அவள் திறக்கவே இல்லை. உயிர் பிரிகிற நேரத்தில் நாக்கு நனைக்க என்று அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இப்படி இருக்கும்.

பிஸ்மில்லாஹ் சொல்லி, தொட்டியின் வாயில் அத்தனையையும் ஊற்றினாள். ஒரு துளி கலந்தாலே அவ்வளவு தண்ணீருக்கும் பரக்கத் என்கிற இறையருள் வந்துவிடும். அவள் ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.

நஜீமுதீன் திரும்பி வந்தபோது வண்டிக்குள் டீ தயாராக இருந்தது. தம்ளரை வாங்கியவர் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"என்ன வாசம் இது?"

"ஏலக்காய்."

"ஏலக்காய்க்குப் பின்னாடி ஒண்ணு வருது பாரு."

அவளுக்கும் அது வந்தது. மேல்நிலைத் தொட்டியில் பஞ்சாயத்துக்காரர்கள் மருந்து போடுகிற நாளில் தெருக்குழாயில் வருகிற அதே வாசம்தானே, அதற்கென்ன என்று தன் தம்ளரைத் தூக்கினாள். அவர் பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். டீ மெத்தையில் கொட்டியது.

"எந்தத் தண்ணியில போட்ட?"

"வண்டித் தண்ணியிலதான். நீங்கதான கழுவி ரொப்பி வச்சிட்டுப் போனீங்க."

"ரொப்பி வைக்கல புள்ள. அது மொத அலசல். மருந்து ஊறுன தொட்டிய இன்னும் ரெண்டு மூணு தடவ நல்ல தண்ணி விட்டு அலசணும். கொழாயில வாசம் சுத்தமாப் போனாத்தான் வாயில வைக்கலாம்." தன் தம்ளரையும் கீழே வைத்தார். "மறுபடியும் ஒன்ன..." என்று ஆரம்பித்தவருக்கு முடிக்க முடியவில்லை.

விறுவிறுவென்று இறங்கி, அடியிலிருக்கும் வடிகுழாயைத் திறக்கக் குனிந்தார். குழாயின் வாய் தெருச் சாக்கடையைப் பார்த்து இருந்தது. ஜரீனா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொறக்காதீங்க. அதுல ஜம்ஜம் ஊத்தியிருக்கேன்."

"எந்த ஜம்ஜம்?"

"அலமாரியில இருந்தது."

"எவ்வளவு?"

"பூராவும்."

நஜீமுதீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அது எந்த பாட்டில், எதற்காக வைத்தது என்று அவருக்குத் தெரியும். திட்டுவார் என்று ஜரீனா காத்திருந்தாள். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனம் ஆறியிருக்கும். அவரோ சாக்கடையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவருக்குத் தொட்டி காலியாக வேண்டும். ஆனால் ஜம்ஜம் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட எந்தக் கைக்குத் துணிச்சல் வரும்?

"ஏறு. வெள்ளாத்துக்குப் போவோம்" என்றார்.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறியது அன்றுதான். மெத்தையில் கொட்டிய டீ வாசம் அடித்தது. தெருவைத் தாண்டி, ஆள் நடமாட்டமும் ஆடுமாடு காலடியும் இல்லாத இடமாகப் பார்த்து ஆற்றோரம் வண்டியை நிறுத்தினார். வெள்ளாற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். "வெயிலுக்கு மருந்தெல்லாம் பறந்துரும். சுத்தமான மணலு, போதும்" என்று சொல்லிவிட்டு, ஒரு நீளக் குழாயை மாட்டி மணலில் விட்டு, வடிகுழாயைத் திறந்தார். உள்ளே போய் மற்ற குழாய்களையும் திறந்துவிட்டு வந்தார். தண்ணீர் மணலில் விழ விழ, விழுந்த இடம் தெரியாமல் உள்ளே இறங்கியது.

இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

"கடைசி நேரத்துக்குன்னு வச்சிருந்தத இப்படிப் பண்ணிட்டியே" என்றார் நஜீமுதீன். குரலில் கோபம் இல்லை. "எதுக்குப் புள்ள ஊத்துன?"

"டீயக் குடிச்சிட்டு, தண்ணி நல்லாருக்கு, வண்டிய விக்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு."

"அதுக்கா அந்தத் தண்ணி?"

"நீங்க தம்மாம்ல இருந்தா அத என் வாயில யாரு ஊத்துறது? எவளோ வந்து ஊத்துறதுக்கு நான் எதுக்கு அதப் பொத்திப் பொத்தி வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணும்?"

ஜரீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயை மூடிப் பார்த்தாள். மூடியும் அடங்கவில்லை.

"போகாதீங்க" என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. கல்யாணமான நாள்முதல் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. நஜீமுதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேராகப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட் வாசல்ல நின்னு, நீ இதச் சொல்லுவியான்னு ஒன் மொகத்தையே பாத்துக்கிட்டு நிப்பேன். நீ சிரிச்சிக்கிட்டே 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவ. சரி, இவளுக்கு நாம அங்க இருக்கிறதுதான் நிம்மதி போலன்னு உள்ள போயிருவேன்."

"அழுதா நீங்க அங்க போயி நிம்மதியா வேல பாக்க மாட்டீங்கன்னு சிரிச்சேன்" என்றாள் அவள். "வூட்டுக்கு வந்துதான் அழுவேன்."

இந்த அழகில், ஒருத்தர் மனசு ஒருத்தருக்குக் கண்ணாடி மாதிரி தெரிந்த ஜோடி என்று தெருவில் இவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவள் சொல்லட்டும் என்று இவரும், சொல்லக்கூடாது என்று அவளுமாக ஒரு வயசையே கரைத்துவிட்டார்கள். என்னத்தைச் சொல்ல!

நஜீமுதீனின் போன் அடித்தது. செந்தில்குமார்.

"பாய், குன்னம் தாண்டிட்டேன். வூட்லதான இருக்கீங்க?"

"தம்பி, என்னை மன்னிச்சிக்கங்க. வண்டிய நான் விக்கல."

அந்தப் பக்கம் சத்தம் பலமாகவே கேட்டது. அரியலூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வருகிறேன், முதலிலேயே சொல்லக்கூடாதா, இது என்ன பேச்சு என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் நஜீமுதீன் "ஆமா தம்பி, தப்புதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "வந்தது வந்துட்டீங்க, வூட்டுக்கு வாங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்று இரண்டு தரம் வற்புறுத்திவிட்டு போனை வைத்தார்.

தொட்டி காலியாகி, குழாயில் காற்று மட்டும் வந்தது. அவர் குனிந்து வடிகுழாயை இறுக்கி மூடினார். நிமிர்ந்தவர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"இப்பச் சொன்னியே, அத."

ஜரீனா ஆற்றின் இரண்டு கரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை.

"போகாதீங்க."

"இதோ, போகல" என்றார் நஜீமுதீன்.